மல்லிக்கும் கனகாவுக்கும் ஒரு படுக்கை

பீம்ராவுக்குப் பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை. வடக்கேயிருந்து வந்து நிற்கும் ரயில்களில் ஏறி, ஏசி பெட்டிகளில் ஜனங்கள் கசக்கிப் போட்ட விரிப்பையும் கம்பளியையும் மூட்டை கட்டி இறக்க வேண்டும். பதினேழு வருஷப் பழக்கம். எந்தத் துணி உடம்புக்கு இதம், எது அரிக்கும் என்று தொட்டவுடன் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு முயல்களுக்கு எதை விரிப்பது என்று மட்டும் தெரியவில்லை.

முயல்கள் அவன் மனைவி சங்கமித்ராவுடையவை. இருவருக்கும் பிள்ளை இல்லை; அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியே பல வருஷமாகியிருந்தது. ஒருநாள் கொளத்தூர் வளர்ப்புப் பிராணிச் சந்தைக்குப் போனவள், ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தாள். இரண்டும் பொட்டை என்று கடைக்காரர் சொன்னாராம். வெள்ளைக்கு மல்லி என்றும் சாம்பல் நிறத்துக்குக் கனகா என்றும் பேர் வைத்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்களுடையது கீழ்த்தளம். பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் கிடந்தது. கம்பிவலை அடித்து, மேலே ஷீட் போட்டு, அங்கேயே, இரண்டும் சண்டை போடாமல் நடுவே ஒரு தடுப்போடு, கூண்டு வைத்தார்கள்.

கொஞ்சம் மண்ணோடு சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது சங்கமித்ராவின் ஆசை. அதற்காகத்தான் மஸ்கட்டில் படுத்த படுக்கையாயிருந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கிளம்பினாள். இரண்டு வருஷம். போகிற அன்று காலை கூண்டருகே உட்கார்ந்து முயல்களிடம்தான் நெடுநேரம் பேசினாள். பீம்ராவ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். போகாதே என்ற சொல் வாய் வரை வந்தது. ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

அவள் போன முதல் மழைக்காலத்தில் மல்லி நொண்டத் தொடங்கியது. தூக்கிப் பார்த்தால் பின்னங்காலில் முடி உதிர்ந்து சிவந்திருந்தது. பையில் போட்டு வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கம்பிவலை மேலேயே நின்று நின்று வந்த புண் இது, மருந்து போட்டால் மட்டும் போதாது, காலுக்குக் கீழே மெத்தென்று எதையாவது போடுங்கள் என்றார் டாக்டரம்மா.

முதலில் பழைய பேப்பரைப் போட்டான். சாரல் பட்டு ஒரே நாளில் கூழாகிப் போனது. அடுத்து மரக்கடையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவந்தான். மாவு மாதிரி நைசான தூள். இரண்டும் தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வடித்தன. யார்டில் கழித்துப் போட்ட கம்பளி ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தான். கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் கனகா அதைக் கடித்து நூல் நூலாக விழுங்குவதைப் பார்த்ததும் பதறிப்போய் உருவி எடுத்தான்.

இதையெல்லாம் சாயங்காலம் போனில் அவளிடம் சொல்வான். முயலைப் பற்றி என்றால் அவனுக்குப் பேச்சு வரும். நீ இல்லாத வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை என்பது மட்டும் வராது. அவளுடைய தலையணையை உறை மாற்றாமல் வைத்திருந்தான். தினம் நூறு உறைகளைக் கழற்றுகிறவனுக்கு அந்த ஒன்றைக் கழற்றக் கை வரவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் மாத்தூரில் மாடு வைத்திருக்கும் வெள்ளத்துரை. யார்டில் பால் ஊற்ற வருகிறவர்.

"வைக்கோல் போடு நைனா. கலீஜான வைக்கோல் இல்ல, காஞ்சது. கையில நசுக்கினா மொறமொறன்னு இருக்கணும், மோந்தா மண்ணு வாசன வரணும். பூஞ்சக் காளான் நாத்தம் வந்தா தொடாத."

பீம்ராவ் பஸ் ஏறி மாத்தூருக்கே போனான். வைக்கோல் போரில் கையை விட்டு, பிடி பிடியாக முகர்ந்து பார்த்துக் கட்டினான். கூண்டில் கம்பிவலை மேல் பலகை அடித்தான். மூலையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலை உதறிப் போட்டான். நனைந்ததைத் தினம் காலையில் பொறுக்கி எறிவான். வாரத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுவான். ஒரு மாதத்தில் மல்லியின் கால் ஆறிவிட்டது.

இரண்டு வருஷம் முடியப்போகிற நேரத்தில் சங்கமித்ராவிடமிருந்து போன் வந்தது. கிழவி வேறு யார் கையாலும் சாப்பிட மாட்டேன் என்கிறாளாம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டாள்.  உன் இஷ்டம், நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன் என்றான் பீம்ராவ். அவளும் சரி என்று வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து, காலையில் கூண்டைத் திறந்தவன் திகைத்தான். மல்லி தன் மார்பு முடியைப் பல்லால் பிடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிய முடியை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் போய், வைக்கோலைக் குழித்து அதன்மேல் பரப்பியது. திரும்பி வந்து மறுபடியும் பிடுங்கியது. நோய் என்று பயந்து வெள்ளத்துரைக்குப் போன் போட்டான். அவர் சிரித்தார். குட்டி போடப் போகிறது, அதற்குத்தான் மெத்தை போடுகிறது. கூண்டின் நடுத்தடுப்பு உளுத்து விழுந்து ஒரு மாதம் ஆகிறது என்று பீம்ராவ் சொன்னதும், அப்படியென்றால் உன் கனகா பொட்டை இல்லை என்றார்.

அன்று பீம்ராவ் வேலைக்குப் போகவில்லை. கூண்டருகே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தேடித் தேடிக் கொண்டுவந்த வைக்கோல் அதற்குப் போதவில்லை. உடம்பிலிருந்தே எடுத்துப் போட வேண்டியிருந்தது.  மறுநாள் சாயங்காலம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது வெள்ளை முடிக்குள் ஐந்து குட்டிகள், கண் திறக்காமல், சுண்டுவிரல் நீளத்தில் நெளிந்துகொண்டிருந்தன. வீடியோ காலில் காட்டினான். சங்கமித்ரா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"நான் நல்லா இல்ல மித்ரா," என்றான் பீம்ராவ். "வூட்டுக்கு வந்துடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகும்போதே சொல்லியிருக்கலாமில்லயா நீ," என்றாள். "சைன் போட்டுட்டேன்யா."

கையெழுத்தை அழிக்க முடியவில்லை. ஆனால் அந்த வீட்டாரிடம் கெஞ்சிக் கேட்டு நாற்பது நாள் லீவு வாங்கினாள். சித்திரையில் வருகிறாள். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மல்லியின் மார்பில் முடி வளர்ந்துவிட்டது. குட்டிகள் கூண்டெல்லாம் ஓடுகின்றன. கனகாவைத் தனிக்கூண்டில் போட்டாயிற்று. போன வாரம் பீம்ராவ் மறுபடியும் வேப்பேரிக்குப் போய், சித்திரை வெயிலுக்கு வைக்கோல் சூடாகிவிடாதா, வேறு எதை விரிப்பது என்று டாக்டரம்மாவிடம் கேட்டான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார் அவர். ஆமாம், நாள் இருக்கிறது என்றான் பீம்ராவ். இருந்தும் கேட்டுக்கொண்டுதான் வந்தான்.