பிஸ்கட் சாப்பிட்டாளா?

மார்லீன் டூடெக்கும் நானும் ஈரி என்ற ஏரிக்கரை நகரத்தில் ஒரே பள்ளிச் சமையற்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறோம். நான் அடுப்புப் பக்கம், அவள் பரிமாறும் பக்கம். ஏரியிலிருந்து பனி வாரியடிக்கும் காலைகளில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பின்வாசலில் வழி வெட்டி வைப்பவள் அவள். கணவன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஒரே மகன், ட்ரென்ட்.

இருபத்து நான்கு வயதில் அவன் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் மோதினான். அவள் அங்கேயே இறந்துபோனாள். டெஸ்ஸா என்று பெயர், பத்தொன்பது வயது. எங்கள் பள்ளியில் படித்தவள். ஆறு வருடம் மார்லீன் கையால் மதியச் சாப்பாடு வாங்கியவள். மக்காச்சோளம் இன்னொரு கரண்டி விழும்வரை தட்டை நகர்த்தாமல் நிற்பாள். எனக்கே ஞாபகம் இருக்கிறது.

எட்டு வருடம் என்று நீதிபதி சொன்னபோது ட்ரென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. டெஸ்ஸாவின் அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது வருமா என்று. எதுவும் வரவில்லை.

சிறையிலிருந்து முதல் தடவை அவன் கூப்பிட்டபோது கேட்டது இதுதான்: "மா, பிஸ்கட்டுக்கு தண்ணி வச்சியா?"

பிஸ்கட் அவன் வளர்த்த பெண் பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சிறு மலைப்பாம்பு வகை. நான்கடி நீளம் இருக்கும். மார்லீனுக்குப் பாம்பென்றால் நடுக்கம். அவன் சிறைக்குப் போன நாளிலிருந்து பாம்பு இருந்த அறைக்கதவை அவள் திறக்கவே இல்லை. மறுநாள் என்னைத் துணைக்கு இழுத்துப் போனாள். அவள் கையில் துடைப்பம், என் கையில் பீட்சா தட்டு.

"நீ முன்னால போ, ஜோ."

"உன் வீட்டுப் பாம்பு. நீ போ."

"என் பாம்பா? நானா பெத்தேன்?"

கண்ணாடிப் பெட்டிக்குள், கவிழ்த்த பூந்தொட்டிக்கு அடியில் அது கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது. பொன்னும் பழுப்புமாகத் தோல், மேலே பழைய தோல் கிழிந்து கிழிந்து ஒட்டியிருந்தது.

"செத்துப்போச்சா?"

"மூச்சு விடுது பாரு."

மார்லீன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

வாரம் இரண்டு தடவை ட்ரென்ட் கூப்பிடுவான். பதினைந்து நிமிடம் ஆனதும் இணைப்பு தானாக அறுந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடமும் பாம்புதான். ஒரு மூலை சூடாக இருக்க வேண்டும், எதிர் மூலை அவ்வளவு சூடு கூடாது. காற்றில் ஈரம் குறைந்தால் தோல் முழுசாகக் கழலாது. உறையவைத்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்ட வேண்டும். சாப்பிட்ட பின் இரண்டு நாள் தொடக்கூடாது. எல்லாவற்றையும் அவள் நாட்காட்டியில் குறித்து வைத்தாள். முதல் எலி உள்ளே போன மறுநாள், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த என் காதருகே வந்து, "முழுங்கிட்டா, ஜோ!" என்றாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஊர் அவளோடு பேசுவதைக் குறைத்திருந்தது. தேவாலயத்தில் அவள் உட்காரும் வரிசையில் யாரும் வந்து உட்காரவில்லை. ஒருநாள் கடையில் டெஸ்ஸாவின் அம்மாவைக் கண்டவள், நிறைந்த தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். மாலையில் பாம்பை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பாள்.

"நான் யாரோட அம்மான்னு இவளுக்குத் தெரியாது, ஜோ. அது ஒரு நிம்மதி."

"ட்ரென்ட் அந்தப் பொண்ணப் பத்தி ஏதாவது பேசறானா?"

"பிஸ்கட் சாப்பிட்டாளான்னு கேக்கறான்."

அக்டோபரில் பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியது. "குளிர்காலத்துல அப்படித்தான் மா, மாசக்கணக்கா தொடமாட்டா, பயப்படாத," என்றான் அவன். மார்லீன் பயந்தாள். கேக் மாவு நிறுக்கும் தராசில் வாராவாரம் அதை நிறுத்துப் பார்த்தாள்.

ஜனவரியில் பனிப்புயல் வந்து அவள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போனது. பாதைகள் மூடிவிட்டன, என்னால் போக முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே அவள் மூச்சு புகையாகத் தெரிந்ததாம். பாம்பைத் தலையணை உறையில் போட்டு, ஸ்வெட்டருக்கு அடியில் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு நாளும் நாற்காலியிலேயே இருந்திருக்கிறாள். உறங்கினால் நசுங்கிவிடுமோ என்று உறங்கவும் இல்லை.

ஆனாலும் குளிர் அதன் மார்புக்குள் இறங்கிவிட்டது. புயல் ஓய்ந்த மூன்றாவது வாரத்தில் மூக்கில் நுரைக் குமிழ் வந்தது. மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று சத்தம். உள்ளூர் மருத்துவர்கள் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பார்களாம். பாம்பு பார்ப்பவரைத் தேடி இரண்டு மணி நேரம் நான்தான் ஓட்டிப் போனேன். அவர் வாயைத் திறந்து பார்த்தார்.

"எப்ப கடைசியா சாப்பிட்டுது?"

"அக்டோபர்ல."

"ஊசி போட்டுப் பாக்கலாம்," என்றார். அவர் குரலிலேயே முடிவு தெரிந்தது.

மூன்று நாளைக்கு ஒரு ஊசி. நான் உடம்பைப் பிடித்துக்கொள்வேன், அவள் குத்துவாள். நான்கு ஊசி போட்டோம். ஐந்தாவதற்கு நான் போனபோது அது நீட்டி நிமிர்ந்து கிடந்தது. உயிரோடிருந்தால் அப்படி நீண்டு கிடக்கும் வழக்கம் அதற்கில்லை. நிலம் கல்லாக உறைந்திருந்ததால் புதைக்க முடியவில்லை. ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து, வசந்தம் வரும்வரை கொட்டகைப் பரண்மேல் வைத்தோம்.

ட்ரென்ட் கூப்பிட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். அவள் சுற்றிவளைக்கவில்லை.

"பிஸ்கட் போயிட்டா, ட்ரென்ட்."

 மறுமுனையில் அழுகை. சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதான். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. மார்லீன் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"பாம்புக்கு அழுவறியா? ஒரு பாம்புக்கு? அந்தப் பொண்ணுக்கு ஒரு சொட்டு விட்டியாடா? அவங்க அம்மா உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாளே!"

"மா..."

"நான் அங்கதான் உக்காந்திருந்தேன். எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்தேன்."

இணைப்பு அறுந்தது. நேரம் முடிந்ததா, அவன் வைத்தானா, தெரியாது.

அதன்பின் அவன் கூப்பிடவில்லை. அவள் வேலைக்கு வந்தாள், பரிமாறினாள், வீட்டுக்குப் போனாள். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று ஒருநாள் சொல்வாள். "எப்பவோ பேசியிருக்கணும்," என்று மறுநாள் சொல்வாள். மார்ச்சில் சிறைக்குப் போனோம். பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியனுப்பினான். ஏப்ரலிலும் அதே பதில். மே மாதம் எங்களைப் பார்க்க வந்தான்.

மெலிந்திருந்தான். அவள் அங்கே காசு போட்டு எடுக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு பர்கர் வாங்கி அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. தலை நிமிராமலே சொன்னான்.

"அந்தப் பொண்ணு முகம் இப்பதாம்மா வருது. தினமும் வருது."

தேற்றுவாள் என்று நினைத்தேன். மார்லீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வரட்டும்," என்றாள்.

 திரும்பும்போது காரில் அவள் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதம் ஒருதடவை போகிறோம். மூன்று வருடம் கழிந்துவிட்டது, இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருக்கிறது. அவளுக்கு இப்போது கண் சரியில்லை. வண்டியை நான்தான் ஓட்டுகிறேன்.