கிழிசலுக்கு இடம் தேடிய டேப் அக்கா

அந்த ஆடை நிறுவனத்தில் எந்தப் புது உடுப்பும் முதலில் ஒரே ஒருத்தியின் கையில்தான் உருவாகும். இருபத்திரண்டு வருடமாக மாதிரி தைக்கும் அவளை எல்லோரும் டேப் அக்கா என்பார்கள்; அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை. மனிதர்களின் முகம் அவளுக்கு இரண்டாம் பட்சம். தங்கை கணவரை முதன்முதலில் பார்த்தபோது அவள் திருவாய் மலர்ந்தது, "இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்."

ஒரு திங்கட்கிழமை டிசைனர் தம்பி வரைபடக் கட்டோடு வந்தான். போன வருடம் கார் பந்தயக்காரர்களைப் பார்த்து உடை வரைந்தவன், இந்த முறை ஸ்கேட்போர்டில் சறுக்கும் இளவட்டங்களிடம் மனதைப் பறிகொடுத்திருந்தான். தொளதொள பேன்ட், முட்டியில் கிழிசல்.

"எங்க கிழியணும்? முட்டிக்கு மேலயா, கீழயா?"

"எங்க வேணா கிழிங்கக்கா. சும்மா ஸ்டைலுக்குத்தானே."

'எங்க வேணா' என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆறு நாள் அது அவளை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கையை இழுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு அடியில் இருந்த சறுக்கு மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

"லீவு நாள்ல ஊரான் பேன்ட்ட வேடிக்கை பார்க்கவா என்னைக் கூட்டிட்டு வந்தே?" என்றாள் தங்கை.

"நீ விழறவங்களை எண்ணு. நான் எங்க கிழியுதுன்னு பார்க்கிறேன்."

தங்கை நாற்பத்தொன்று வரை எண்ணினாள். முட்டி கிழிந்தது மூன்றே பேருக்கு. மற்றவர்கள் இடுப்பின் பக்கவாட்டில் விழுந்து தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள். பச்சை முடிக்காரி ஒருத்தி இடுப்பில் ஒட்டுப்போட்டிருந்தாள். அந்தத் தையலைப் பார்த்ததும் அக்கா நேரே அவளிடம் போனாள்.

"யாரும்மா தைச்சது இத?"

"நான்தான் ஆன்ட்டி. நூல் நிக்கல, மீன் பிடிக்கிற நரம்புல தைச்சேன்."

"இதுக்குப் பேரு தையலா? வா, உக்காரு."

கைப்பையிலிருந்து ஊசி வந்தது. ஒட்டைப் பிரித்து, உள்ளே இன்னொரு துணி கொடுத்து அழுத்தித் தைத்து முடிப்பதற்குள் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

மறு வாரம் டிசைனர் தம்பியின் மேசைக்கு இரண்டு பேன்ட் வந்தன. ஒன்று அவன் வரைந்தபடி முட்டி கிழிந்தது. இன்னொன்று இடுப்பில் இரட்டைத் துணி வைத்தது.

"என்னக்கா, ஒரு ஓட்டை கூட இல்லையே!"

"நிஜமா விழறவங்களுக்கு ஓட்டைய நாம வேற கொடுக்கணுமா?"

அவன் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் அக்காவைப் பகைத்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் எவருக்கும் துணிச்சல் கிடையாது. இரண்டுமே கடைக்குப் போயின.

கிழிந்த பேன்ட் பத்தே நாளில் காலி. அக்காவுடையது பாதிக்கு மேல் தேங்கித் தள்ளுபடி அலமாரிக்குப் போனது. "இந்த ஊருக்கே கண்ணு அவிஞ்சு போச்சு" என்று ஒரு வாரம் மிஷினிடம் மட்டும் பேசினாள். டிசைனர் தம்பி சிரிப்பை அடக்கியபடி அவளைத் தாண்டிப் போவான். அடக்கியது நன்றாகவே தெரியும்.

பிறகு ஒருநாள் பச்சை முடிக்காரி நிறுவன வாசலில் வந்து நின்றாள். கூட நான்கு பேர். ஐந்து பேர் காலிலும் தள்ளுபடியில் வாங்கிய அக்காவின் பேன்ட்.

"மூணு வாரமா விழறோம் ஆன்ட்டி, ஒரு நூல் பிரியல" என்றாள். அக்கா டிசைனர் தம்பியைத் தேடிக் கண்ணைச் சுழற்றினாள். அவனும் அருகில்தான் நின்றான். "ஆனா குனிஞ்சா பின்னாடி இறங்கிடுது. மானமே போகுது" என்று முடித்தாள் பச்சை முடிக்காரி.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. நாள் முழுக்கக் குனிந்தே சறுக்குகிறவர்களுக்கு நின்ற அளவில் இடுப்பு வைத்திருக்கிறாள்!

"குனி," என்றாள் கடுப்பாக. "இன்னும் குனி. அப்படியே இரு."

குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி மண்டியிட்டவள், தலையைத் திருப்பாமல் டிசைனர் தம்பியை அதட்டினாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறே? எழுது. பின் இடுப்பு, ஒன்றரை இஞ்ச் கூட."

அவன் ஓடிப்போய்ப் பேனா எடுத்து வந்தான்.