மாமாவின் எழுபது கிலோ

மாமி தன் கணவரின் காரை வாடகை உழவு இயந்திரம் ஒன்றில் கட்டி இழுப்பித்துக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அகதி முகாமிலிருந்து வட்டக்கச்சிக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா வயல் இயந்திரங்கள் திருத்துபவர். மாமி அவருடைய ஒரே தங்கை, விசுவமடுவில் தனியாக இருந்தார்.

கூரையில்லாத, இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய வெள்ளைக்காரக் கார் அது. மாமாவின் தகப்பன் மலையகத்தில் ஒரு தோட்டத்துத் துரைக்குச் சாரதியாக இருந்தவர். துரை நாட்டைவிட்டுப் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கலவரத்துக்குப் பயந்து அந்தக் குடும்பம் வன்னிக்கு வந்தபோது காரும் கூடவே வந்தது. தோட்டத்து ஆட்கள் என்று முகம் சுளித்த எங்கள் சொந்தக்காரர்கள்கூட, கல்யாணத்தன்று அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம்.

சண்டை முடிந்த கிழமை, பெயர் பதிய வரச்சொல்லி ஆமிக்காரர் மாமாவை பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. மாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாத அலுவலகமில்லை. அந்த வருடம் யாரோ ஒருவர், தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் அவரைக் கண்டதாகவும் சித்திரைக்குள் விட்டுவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். வருகிறவருக்குக் கார் தயாராக இருக்கவேண்டும். மாமிக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பா நம்பினாரா என்று தெரியாது. சரி என்று மட்டும் சொன்னார்.

காரின் எஞ்சினை எவரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பா ஒரு சின்ன வான் வண்டியின் எஞ்சினைத் தேடிப்பிடித்துப் பொருத்தினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான், ஆனாலும் ஓடியது. பழைய எஞ்சினின் பாதிப் பாரம்கூட இதற்கு இல்லாததால் முன் ஸ்பிரிங்குகள் அமரவில்லை. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இப்படியே ஓடினால் வளைவில் ஸ்டியரிங் சொல்வழி கேட்காது, ஸ்பிரிங்கில் கொஞ்சம் வெட்டி முன்பக்கத்தைப் பதிக்கவேண்டும் என்றார் அப்பா. அதையும் வெறுங்காரில் அளக்கக்கூடாது. அதில் போகப்போகிறவர்களின் பாரம் இருக்கையில் இருக்கவேண்டும்.

“அவர் எழுபது கிலோ அண்ணை,” என்றார் மாமி.

அது சண்டைக்கு முந்திய நிறை. பஸ்ஸில் ஏறியபோது மாமா எலும்பும் தோலுமாக இருந்தது எனக்கே நினைவிருந்தது. அப்பா நாற்பத்தைந்து கிலோ நெல்லை நிறுத்துச் சாக்கில் கட்டி, சாரதி இருக்கையில் வைத்தார். மீதி இருபத்தைந்து கிலோ நான். மூட்டைக்கு மேல் ஏறியிருந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமி பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார். நல்ல சீலை உடுத்து, பெரிய பொட்டு வைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. நேரே வாசல் படலையைப் பார்த்தபடி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தார். நானோ பெருமையில் மிதந்தேன்.

முன் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அப்பா அளந்தார். வெட்டவேண்டிய அளவைத் தாளில் எழுதி மாமிக்கும் காட்டினார். மாமி சந்தோஷமாகத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

அவர் உள்ளே போனதும் அப்பா தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை இறங்கச் சொன்னார். மூட்டை மட்டும் இருக்கையில் இருந்தது. மாமியின் நிறையும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பாரம் குறைந்ததும் மூக்கு மறுபடி கொஞ்சம் உயர்ந்தது. அப்பா திரும்ப அளந்து, பழைய இலக்கத்தை வெட்டிவிட்டு அதைவிடக் கூடிய இலக்கம் ஒன்றை எழுதினார். அன்று பின்னேரமே ஸ்பிரிங்குகளைக் கழற்றி, அந்தப் புது அளவுக்கு வெட்டிவிட்டார். கணக்குப் பிழை என்று நான் சொல்லிப் பார்த்தேன். வாயை மூடு என்றார். எழுபதில் என் இருபத்தைந்தைத் தூக்கி எறிந்துவிட்டாரே என்று எனக்குப் பொல்லாத கோபம்.

மறுநாள் அப்பா, தூக்கி வைத்திருந்த ஜக்கிலிருந்து காரை இறக்கினார். முன்னும் பின்னும் சமமாக, அழகாக நின்றது. மாமி முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குள் இருந்த அரிச்சந்திரன் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“நான் இறங்கினாப் பிறகுதான் மாமி அப்பா அளந்து வெட்டினவர். மாமான்ர பாரம் இதில இல்லை,” என்றேன்.

மாமியின் கை நின்றுவிட்டது.

“அண்ணை, அப்ப இது ஆருக்கு அளந்தது?”

அப்பா கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், விரித்தார். “உனக்குத்தான் தங்கச்சி. நீ கார் ஓடப் பழகு. நான் காட்டித் தாறன்.”

“அவர் வந்தா?”

மாமாவும் ஏறினால் முன்பக்கம் அளவுக்கு மேல் பதியும், வெட்டிய ஸ்பிரிங் வளராது. ஆனால் சண்டைக்காலத்தில், குழி விழுந்த றோட்டுகளுக்காக ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே டயர்த் துண்டுகளைச் செருகி எல்லோரும் வாகனங்களை உயர்த்தியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வேலையைக் கண்ணிலும் காட்டக்கூடாது. மாமா வந்தால் அப்படிச் செருகிவிடலாம், பத்து நிமிட வேலை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“இப்பவே வையுங்கோ,” என்றார் மாமி.

அப்பா டயர்த் துண்டுகளை வெட்டி இரண்டு பக்கமும் தன் கையாலேயே செருகினார். கார் மறுபடி மூக்கைத் தூக்கியது. மாமி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மறுபடி ஒரு உழவு இயந்திரம் பிடித்து அதைக் கட்டிக்கொண்டு விசுவமடுவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவேயில்லை. சித்திரை வந்து போனது. பிறகு எத்தனையோ சித்திரை.

அன்றிரவு எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. பிழை தன்னுடையது என்பதால்தான் அப்பா பேசாமல் இருக்கிறார் என்று நினைத்து, நிம்மதியாக நித்திரை கொண்டேன். மாமா இனி வரமாட்டார் என்று மாமியின் முகத்துக்கு நேரே முதன்முதலாகச் சொன்னவள் நான்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.