கதவைத் தட்டியது யார்?

இன்று கண்டனூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் திரும்பி என்னையே பார்த்தார்.

“எழுபதுகள்ல காரைக்குடியில பத்திரிகை நடத்துனது நீகதானே?”

நான்தான். நானும் நண்பன் சுப்பையாவும் நடத்திய இலக்கிய இதழ் அது. ஐந்தாவது இதழ் வந்த கையோடு சுப்பையா மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதன் பிறகு எனக்குக் கை ஓடவில்லை; இதழை நிறுத்திவிட்டேன். அவன் எழுதிவந்த தொடர்கதையும் பாதியில் நின்றது.

அந்த அம்மா கேட்டது அதைத்தான்.

“பெரிய வீட்டுல அந்தப் பொண்ணு தனியா இருக்கா. யாரோ கதவைத் தட்டுறாக. அத்தோட நிறுத்திப்புட்டீகளே! தட்டுனது யாருங்க?”

சுப்பையா என்னிடமும் சொன்னதில்லை. இத்தனை வருடம் காத்திருந்தவரிடம் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

“அவ புருஷன்தாம்மா. கடல் தாண்டிப் போனவன் திரும்பி வந்துட்டான்” என்றேன்.

அவர் மெல்லத் தலையசைத்தார்.

“இல்லைங்க. எங்க வீட்டுக்காரவுகளும் மலேயாவுக்குப் போனவுகதான். அந்தச் சத்தம் எனக்கும் கேக்குது. எத்தனையோ தடவ எந்திரிச்சுப் போயித் திறந்து பாத்துட்டேன். அது புருஷன் இல்ல.”

கண்டனூர் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

ஒரு பொய்யைக்கூட நம்பும்படி சொல்லத் தெரியாத ஆசிரியர் நான். அந்தக் கதையைப் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அது யார்?