கடைசிக் காருக்கு நீலக் கொடி

1. மோதல்

மாத்தளை டவுனில் முப்பது வருஷம் கராஜ் வேலை பார்த்தேன். அதில் பதினோரு வருஷம் ஒரு ரேஸ் காரையும் சேர்த்துப் பார்த்தேன். ரேஸ் கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கேயோ அடிபட்டுக் கிடந்த ஆயிரத்து முந்நூறு சிசி காரை எங்கள் முதலாளி நவ்பர் நானா வாங்கி வந்தார். நாங்கள் அதை நிமிர்த்தி, வெல்டு வைத்து, கொழும்பு டீம்காரர்கள் கழற்றிப் போட்ட டயர்களை மாட்டி, தேசிய மட்டப் போட்டிகளுக்குக் கொண்டுபோனோம். எப்போதும் கடைசியாக வருவோம். சில நாள் கடைசிக்கு முந்தி வருவோம். அன்றைக்கு வேறு யாருடைய காராவது என்ஜின் இறுகி வழியில் நின்றிருக்கும்.

இப்படி மெதுவாகப் போகிற டீம்களுக்குப் பெரிய ரேஸில் என்ன வேலை என்று இன்றைக்கும் பையன்கள் கேட்கிறார்கள். அதே கேள்வியை ஒரு தரம் ரேஸ் நடத்துகிற கமிட்டியே எங்களைக் கேட்டது. அதற்குக் காரணமாக இருந்தது நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கலேவெலப் பக்கம் சரளை மண் போட்ட ஒரு கிரவல் சுற்றில் ரேஸ். எங்கள் டிரைவர் சிவலிங்கம், றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவன். ரிவர்ஸ்டன் மலை ரோட்டின் வளைவெல்லாம் அவனுக்குக் கைரேகை மாதிரி. முன்னால் போகிறவர்கள் எங்களை ஒரு லேப், இரண்டு லேப் முந்துவார்கள். அப்படி வேகமான கார் பின்னால் வந்தால் தடத்தோரம் நிற்கிற மார்ஷல் நீலக் கொடி காட்டுவார். வழி விடு என்று அர்த்தம்.

ரேஸுக்கு முன்னால் சிவா என்னிடம் கேட்டான்.

"அண்ணே, நீலக் கொடி காட்டுனா என்னா செய்யணும்?"

"இதென்னா கேள்வி? ரிவர்ஸ்டன் ரோட்டுல பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சா என்னா செய்வ?"

"இடது பக்கம் ஒதுங்கி பிரேக் புடிப்பேன்."

"அதேதான். அவங்க பெரிய ஆளுங்க. ஒதுங்கி விட்டுறு."

அவன் அப்படியே செய்தான். ரேஸ் முடிய நாலு லேப் இருந்தது. முன்னணியில் ரொஹான் என்கிற கொழும்புக்காரர் வந்துகொண்டிருந்தார். அந்த ரேஸை ஜெயித்தால் அந்த வருஷத்துக் கப் அவருக்கு. ஒரு இடது வளைவில் மார்ஷல் நீலக் கொடியை ஆட்டினார். சிவா கொடியைப் பார்த்தான், தோட்ட ரோட்டில் ஒதுங்குகிற மாதிரி இடது பக்கம் ஒதுங்கி பிரேக்கில் காலை வைத்தான். ஆனால் வளைவில் முந்துகிறவன் உள்பக்கமாகத்தான் நுழைவான். இடது வளைவில் உள்பக்கம் என்றால் இடது பக்கம். ரொஹான் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

யாருக்கும் அடிபடவில்லை. ரொஹானின் காருக்கு டைரோட் வளைந்து முன் சக்கரம் கோணிக்கொண்டது. கப் போயிற்று. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி எங்கள் காரின் பொனட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நடந்து போனார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

2. கமிட்டி

இரண்டு வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். நவ்பர் நானாவும் நானும் போனோம். செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு முகத்தில் சிரிப்பில்லை. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

"நானா, உங்க மேல கோபம் இல்ல. ஆனா இது தேசிய ரேஸ். வேகமா போறவனுக்கு நடுவுல மெதுவா போறவன் வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. பார்க்க வர்றவங்களும் முன்னால போற சண்டையத்தான் பார்க்க வர்றாங்க. கடைசி நாலு டீமையும் நிப்பாட்டிரலாம்னு சில பேர் சொல்றாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கிரவல் சுற்றில் தூசி எழுந்தால் முன்னால் நிற்பது காரா கல்லா என்று தெரியாது. அந்தத் தூசிக்குள் நாங்கள் பாதி வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

நவ்பர் நானா தாடியைத் தடவினார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும்.

"சேர், பத்துக் கார் ஓடுது. கடைசி நாலையும் கழிச்சிட்டீங்க. மிச்சம் ஆறு. அதுலயும் கடைசியா ஒருத்தன் வருவான். அடுத்த வருஷம் அவனயும் கழிப்பீங்களா? கடைசியா ரொஹான் மாத்தயா மட்டும் தனியா ஓடுவாரு. யார ஜெயிப்பாரு?"

ஒருவர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை.

அப்போது நான் எழுந்தேன். "பிழை டிரைவர் மேல இல்ல சேர். ஒதுங்கச் சொன்னது நான். தோட்ட ரோட்டுப் பழக்கத்த ரேஸுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன். எங்களுக்கு ஒரு தரம் குடுங்க" என்றேன்.

அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு இரண்டு நிபந்தனை சொன்னார்கள். அடுத்த ரேஸின் பிராக்டிஸில் எங்கள் நேரம் முதல் காரின் லேப் நேரத்தைவிடக் கால் பங்குக்கு மேல் கூடக் கூடாது. ரேஸில் யாரையும் இடிக்காமல் ஓடி முடித்து, முடிவுக் கோட்டில் காட்டுகிற கட்டம் போட்ட கொடியை வாங்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்த வருஷம் எங்களுக்கு லைசன்ஸ் இல்லை. மற்ற மூன்று மெதுவான டீம்களின் கதியும் எங்கள் ஒரு காரில் தொங்கியது.

வெளியே வந்ததும் நானா சொன்னார்: "மணி, வாயக் குடுத்துட்டாய். இனி காரயும் குடு."

3. சுண்ணாம்புக் கோடு

என்ஜினில் இனிப் பிழிய ஒன்றும் இல்லை. கார்பரேட்டர் ஜெட்டை மாற்றிப் பார்த்தேன். கருப்புப் புகை வந்ததுதான் மிச்சம். பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். பழைய ரேஸ்களில் சிவா எங்கே நேரத்தை விட்டான் என்று ஒவ்வொரு வளைவாகக் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, பாதி நேரம் நான் கண்ணாடியத்தான் பார்த்துக்கிட்டுப் போறேன். யாரும் வர்றாங்களான்னு. வந்தா ஒதுங்கணுமே."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். துரையின் ஜீப் வந்தால் ஒதுங்கு, கங்காணி வந்தால் ஒதுங்கு, சோதனைச் சாவடியில் ஒதுங்கி நில் என்று கேட்டே வளர்ந்தோம். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரேஸில் அது மரியாதை இல்லை. முந்துகிறவனுக்கு வேண்டியது, முன்னால் போகிறவன் அடுத்த நொடி எங்கே இருப்பான் என்கிற நிச்சயம் மட்டும்தான்.

றத்தோட்டைக்கு மேலே தோட்டத்துப் பந்து மைதானத்தைக் கேட்டு வாங்கினோம். சுண்ணாம்புத் தூளால் நான் வளைவுகள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் சிவா காரில் போவான். நான் கராஜ் வேனில் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போவேன். சட்டம் ஒன்றுதான்: வளைவுக்குள் கோட்டை விட்டு நகரக் கூடாது. வளைவு முடிந்து நேர் பாதை வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, அவர்கள் முந்தட்டும்.

முதல் நாள் ஹாரன் அடித்தவுடன் அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. இரண்டாம் வாரமும் அப்படித்தான்.

"ஒதுங்காதடா!"

"ஒதுங்கல அண்ணே, காலு போகுது!"

"ஒன் மாமியா வந்தாலும் ஒதுங்காத!"

"மாமியா வந்தா காரையே விட்டுட்டு ஓடிருவேன் அண்ணே."

ஐந்தாம் வாரம் அவன் நகரவில்லை. வேனின் மூக்கு அவன் பம்பரில் உரசுகிற அளவுக்கு நான் போனேன். அவன் தன் கோட்டிலேயே போனான். அன்றைக்கு ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. என்ஜினைத் தொடாமலே நேரம் குறைந்திருந்தது.

4. மூன்று லேப்

ரேஸ் அன்று விடிந்ததும் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். யுத்தம் நடந்த காலம், தம்புள்ளைக்கு முன்னால் ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. லொறியில் தமிழ்ப் பெயரில் இரண்டு அடையாள அட்டை. ஜெரி கேன் நிறையப் பெட்ரோல். கேட்க வேண்டுமா? இறங்கச் சொன்னார்கள். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நானா ரேஸ் கடிதத்தைக் காட்டினார். அதைப் படித்துப் பார்க்கப் பெரிய அதிகாரி வர வேண்டும் என்றார்கள். பெரியவர் சாவகாசமாக வந்தார். பிறகு எங்கள் காரைப் பார்த்துவிட்டு, "இதுவா ரேஸ் ஓடுது?" என்று சிரித்து விட்டார். அவர் சிரித்ததால் போக முடிந்தது. நான் கொட்டிக் கிடந்த டூல்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிராக்டிஸ் முடியப் போகிற நேரம். மூன்று லேப்தான் கிடைக்கும் என்றார்கள். ரொஹானின் நேரம் எண்பது விநாடி. அப்படியென்றால் எங்கள் நேரம் நூறுக்குள் வர வேண்டும். முதல் லேப்பில் டயர் சூடாகவே இல்லை. இரண்டாவதில் நூற்றிரண்டு. மூன்றாவது லேப்பில் சிவா வந்துகொண்டிருக்கும்போது பின்னால் இன்னொரு வேகமான கார். நீலக் கொடி ஆடியது. நான் தடத்தோரப் பிட்டில் நின்று பல்லைக் கடித்தேன். அவன் வளைவில் கோட்டை விடவில்லை. நேர் பாதையில் கால் எடுத்தான், அந்தக் கார் முந்தியது, இவன் மறுபடியும் மிதித்தான். தொண்ணூற்றெட்டு.

நானா வானத்தைப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

5. கொடி

ரேஸில் ரொஹான் எங்களை மூன்று தரம் முந்தினார். மூன்று தரமும் சிவா வளைவில் தன் கோட்டில் நின்றான், அவர் வேறு பக்கமாக ஒரு கீறலும் இல்லாமல் போனார். ஒரு தரம் போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார். நன்றியா எச்சரிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை.

ரொஹான்தான் ஜெயித்தார். கட்டம் போட்ட கொடி விழுந்தது. அடுத்தடுத்து மற்றவர்களும் வந்தார்கள். சிவாவுக்குச் சுற்றில் முக்கால் பங்கு பாக்கி இருந்தது. அதற்குள் சனம் கயிற்றைத் தாண்டித் தடத்துக்குள் இறங்கிவிட்டது. ரொஹானுக்கு மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "இன்னும் ஒரு கார் இருக்கு சேர்!"

"ரேஸ் முடிஞ்சிருச்சு தம்பி."

"எங்களுக்கு முடியல. கொடி இல்லாட்டி நாங்க ஓடுன கணக்குல வராது. ஏறுங்க!"

அவர் கையை உதறப் பார்த்தார். நான் விடவில்லை. அந்த வயது வரைக்கும் நான் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறினார். ஆனால் தடம் முழுக்க ஆட்கள். கடைசி வளைவில் எங்கள் காரின் சத்தம் கேட்டது. இத்தனை பேரைப் பார்த்ததும் சிவா ஒதுங்கி நிறுத்திவிடுவான் என்று பயந்தேன். நான் கையை விரித்துக்கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

ரொஹான் திரும்பினார். கழுத்தில் மாலையோடு என்னைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஆட்களைத் தள்ளினார். "அஹக் வெயல்லா! ஒதுங்குங்க! கார் ஒண்ணு வருது!" அவர் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? சனம் இரண்டு பக்கமும் பிரிந்தது. ரொஹானும் தடத்தை விட்டு இறங்கி ஓரமாக நின்றார்.

சிவா வேகத்தைக் குறைத்தான், ஆனால் நிறுத்தவில்லை, ஓரமும் போகவில்லை. நடுத்தடத்தில் நேராக வந்து கொடியை வாங்கினான். நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை.

செயலாளர் ரொஹானிடம் எங்கள் காரைப் பற்றிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அந்தக் கார் எங்க இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. எனக்குப் பயம் ரெண்டாவதா வந்தவன்கிட்டதான்" என்றார். அடுத்த வருஷம் நாலு டீமும் ஓடின.

பிறகு நானும் சில வருஷம் அந்தக் கமிட்டியில் இருந்தேன். எல்லோருக்கும் சட்டமாகிவிட்ட அந்தக் கால் பங்கு நேர வரம்பை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று கை தூக்கியவன் நான். மெதுவாகப் போகிறவனும் ஓடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஆனால் இன்னொரு சட்டத்தையும் கேட்டு வாங்கினேன். கடைசிக் கார் கோட்டைத் தாண்டும் வரை கொடிக்காரர் இறங்கக் கூடாது.