சிறைக்குப் போகாத பேருந்து

அவரை எல்லோரும் 'ஜெயிலக்கா' என்றே கூப்பிட்டார்கள். நகராட்சியில் இளைஞர் நலப் பிரிவு அதிகாரி. பள்ளிக்கு மட்டம் போட்டுச் சின்னச் சின்னத் திருட்டில் சிக்கிய பையன்களைப் பேருந்தில் ஏற்றி, சிறைச்சாலையைக் காட்டிவிட்டுக் கூட்டி வருவது அவர் தொடங்கிய திட்டம். பையன்கள் முகம் வெளிறித் திரும்புவார்கள். தாய்மார்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள்.

பேருந்தில் இடம் போதாததால் குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். புதிதாக வந்த புள்ளியியல் அலுவலருக்கு அது வசதியாகப் போயிற்று. சிறையைப் பார்த்தவர்களும் இடம் கிடைக்காதவர்களும் பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரித்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மேடம், போய்ப் பாத்தவங்கதான் அதிகமா போலீஸ்ல மாட்டியிருக்காங்க."

"மாத்திச் சொல்றீங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திரும்பவும் சரிபார்த்தேன். வேற ஊர்கள்ல பண்ணின ஆராய்ச்சியும் இதையேதான் சொல்லுது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினார். "ஒரு பையன் அழுறதை அந்தாளு நேர்ல பாத்திருப்பாரா?"

கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "அழுதவன் அப்புறம் என்ன ஆனான்னு நீ பாத்திருக்கியா?"

அந்த வாரமே ஜெயிலக்கா, சிறையைப் பார்த்த அன்று மிகவும் தேம்பி அழுத ஒருவனைத் தேடிப் போனார். இரண்டு முறை உள்ளே போய் வந்தவன், இப்போது பஞ்சர் கடையில் இருந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஜெயிலையே பாத்தவன்னு எங்க தெருவுல எனக்கு ஒரு கெத்து வந்துடுச்சு. கூட்டாளிங்க கிடைச்சதே உங்க பஸ்லதான்."

குறை சொல்லும் குரலில் அவன் சொல்லவில்லை. அதுதான் அவரை மிகவும் உறுத்தியது.

திட்டத்தை நிறுத்தச் சொல்லி நகர்மன்றக் கூட்டத்தில் அவரே எழுந்தார்.

"ஜனங்களுக்குப் பிடிச்ச திட்டம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் தலைவர்.

"எனக்கும் ரொம்பப் பிடிச்சதுதான் ஐயா. ஆனா பசங்களுக்குக் கெடுதல் பண்ணுதே."

பேருந்து நின்றது. "எங்க பிள்ளைங்கன்னா அவ்வளவு இளக்காரமா?" என்று கடைத்தெருவில் ஒரு தாய் மறித்துக் கேட்டார். என்ன விளக்கியும் அந்த அம்மாவின் கோபம் தணியவில்லை.

இப்போது மாலையில் தொழிற்பயிற்சி நடக்கிறது. இதற்கும் முதல் நாளிலிருந்தே குலுக்கல் வைக்கும்படி புள்ளியியல் அலுவலரிடம் அவரே சொல்லிவிட்டார்.

"இதுவும் சொதப்பிட்டா மேடம்?"

"சீக்கிரமாவது தெரியட்டும்."

முடிவு வரக் காலம் பிடிக்கும். பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களிடம், "இன்னும் தெரியாதுங்க" என்கிறார். அதை உரக்கச் சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.