கேன் தண்ணீரும் சந்திராக்காவின் குறுவையும்

நிலத்தடி நீரை ஆராய்கிறவர்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது எப்படியாவது தெரிந்துவிடும். கரண்ட் எப்போது வரும் என்பதுதான் தெரியாது. பாட்டிலும் அளவு நாடாவுமாக வயல் வயலாக அலையும் சக பாவிகளே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

மோட்டாரை நிறுத்துங்க

திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் ஒன்று. பூமிக்கு அடியில் கடல் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. நீர்மட்டம் அளக்க வேண்டுமானால் போர்வெல் மோட்டார் கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் அந்த ஊரில் ஒரு மோட்டாரும் ஓயாது. ஒரு விவசாயியிடம் கெஞ்சினேன். பொறுமை போய்க் குரலையும் உயர்த்தினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"த்ரீ பேஸ் இருக்குறப்ப மோட்டார நிறுத்தச் சொல்ற ஒரே ஆளு நீங்கதான் மேடம். கரண்ட் ஆபீஸ்லகூட இவ்வளவு தைரியமா சொல்ல மாட்டாங்க."

பஸ்ஸில் வந்த பாட்டில்

அந்தச் சண்டை முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. அடுத்த வயல் சந்திராக்காவுடையது. இத்தனை வருஷம் கூலிக்கு நடவு நட்டவர், இந்தக் குறுவை நெல் பருவத்துக்குத்தான் முதல் தடவையாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குளத்துத் தண்ணீரில் விட்ட நாற்று தயார்; நாள் தாண்டினால் முற்றி வீணாகிவிடும். ஆற்றுத் தண்ணீர் இன்னும் வரவில்லை. நிலத்தோடு வந்த பழைய போரை நம்பி நடலாமா என்று நான் சொல்ல வேண்டும். மோட்டார் ஓடாததால் காலி பாட்டிலைக் கொடுத்து, கரண்ட் வந்ததும் பிடித்து டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். எங்களுக்குப் பல பாட்டில்கள் அப்படித்தான் வந்து சேரும்.

இதுவும் வந்தது. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ரகு சோதித்துவிட்டு, சந்திராக்காவுக்குப் போன் போட்டு "நல்ல தண்ணி, நடுங்க" என்று சொன்ன பிறகுதான் என்னிடம் காட்டினார். உப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். அந்த ஊர் பூமிக்குள் அப்படி ஒரு தண்ணீர் இருக்கவே முடியாது. சந்திராக்கா நட்டுவிடுவதற்குள் போயாக வேண்டும். ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். ரகு அலுத்துக்கொண்டார்:

"உப்பு இருந்தாலும் பதறுறீங்க, இல்லாட்டியும் பதறுறீங்க. உங்களுக்கு என்னதான் மேடம் வேணும்?"

மானப் பிரச்சினை

வழியில் நிறுத்தி நிறுத்திப் போன் போட்டேன். எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது சேறடிக்க டிராக்டர் வந்து நின்றிருந்தது. சந்திராக்கா மோட்டார் கொட்டகையில் கரண்டுக்குக் காத்திருந்தார். பாட்டிலில் எந்தத் தண்ணீரைப் பிடித்தீர்கள் என்று மூச்சிரைக்கக் கேட்டேன். எனக்கு வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"போர்த் தண்ணி கலங்கலா வந்துச்சு மேடம். நாலு படிச்சவங்க பாக்குற எடத்துக்கு அதையா குடுத்தனுப்புறது? விருந்தாளிக்குக் குடுக்குற கேன் தண்ணியத்தான் புடிச்சேன்."

மீட்டர் சொன்னது

கரண்ட் வரும்வரை நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வரப்பில் நடந்துகொண்டே இருந்தேன். வந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, கலங்கல் தெளிந்த பிறகு உப்பளக்கும் மீட்டரை முக்கினேன். நம் நாக்குக்கு லேசாகத்தான் தெரியும் உப்பு. இளம் நாற்று அதைத் தாங்காது. அதை அப்படியே சொன்னேன். சந்திராக்கா டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். தானே போய் மோட்டாரை நிறுத்தினார். நாற்றங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"உப்புன்னு சொல்ல மெஷின் வச்சிருக்கீங்க. நாத்து முத்துறதுக்குள்ள ஆத்துத் தண்ணி வருமான்னு சொல்ல ஒண்ணும் இல்லையா மேடம்?"

பாட்டிலை இப்போதெல்லாம் நானேதான் நிரப்புகிறேன், ஆனால் அந்த ஊருக்குள் நுழைந்ததும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால், ஆற்றுத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று வாய்க்காலைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.